வீட்டு முட்டைக்கும் கறிக்கும் எந்தக் கோழி? பாலக்காட்டுக் கணவாய் ஓரத்து வீடுகளுக்கான வழிகாட்டி

கோழி இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் ஏமாறுவது, விற்பவர் சொல்லும் முட்டைக் கணக்கில்தான். "வருசத்துக்கு 280 முட்டை" என்பது பொய்க் கணக்கு அல்ல. கூண்டில் வைத்து, தலைக்கு நாளொன்றுக்கு 110 கிராம் முட்டைக்கோழித் தீவனம் குறையாமல் போட்டால் கிடைக்கும் கணக்கு அது. அதே கோழியைத் தென்னந்தோப்பில் திறந்துவிட்டு, சாயங்காலம் ஒரு கை குருணை மட்டும் வீசினால் பாதிகூடக் கிடைக்காது. அதனால் முதலில் வீட்டைப் பாருங்கள். மேய இடம் இருக்கிறதா, தினமும் தீவனம் வாங்கிப் போட முடியுமா, பகலில் வீட்டில் ஆள் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் இனம் பாதி முடிவாகிவிடும்.

அடுத்தது தேவை. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்குத் தினம் ஒரு முட்டை என்றால் மாதம் 120 முட்டை வேண்டும். கூண்டில் வளரும் பிவி 380 என்ற முட்டைக்கோழி 5 இருந்தால் நல்ல பருவத்தில் நாளுக்கு 4 முட்டை கிடைக்கும், தேவை சரியாகிவிடும். தீவனம் மாதம் பதினாறு, பதினேழு கிலோ ஆகும். மேய்ச்சலோடு பாதித் தீவனமும் பெறும் கிராமப்பிரியா என்ற கலப்பின வகை என்றால் 8 அல்லது 9 பெட்டை வேண்டும். சிறுவிடை நாட்டுக்கோழியை மட்டும் நம்பினால் 20 பெட்டைக்கு மேல் வேண்டும். ஆனால் தீவனச் செலவு மிகக் குறைவு, குஞ்சும் வீட்டிலேயே கிடைக்கும். இதில் எது லாபம் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீட்டைச் சுற்றி இரண்டு ஏக்கர் தோப்பு வைத்திருப்பவருக்கும், பொள்ளாச்சி நகரத்துக்குள் 3 சென்ட் வீட்டில் இருப்பவருக்கும் ஒரே பதில் இருக்காது.

கூண்டுக் கோழி

இடம் இல்லாதவர்களுக்குச் செம்பழுப்பு நிற பிவி 380 பொருத்தம். பழுப்பு ஓடு, சாதுவான குணம், ஐந்தாம் மாதத்தில் முட்டைக்கு வந்துவிடும். கேரளப் பக்கத்தில் வீட்டுக் கூண்டுகளில் பெரும்பாலும் இதுதான். கேரளத்து மண்ணுத்தி கால்நடைப் பல்கலைக்கழகத்தில் உருவான அதுல்யா என்ற கோழியும் முட்டை எண்ணிக்கையில் குறைந்ததல்ல. ஆனால் அது வெள்ளை லெகார்ன் என்ற வெளிநாட்டு முட்டைக்கோழி இனத்தின் வழி வந்தது, வெள்ளை முட்டை இடும். ஓட்டின் நிறத்தால் சத்தில் எந்த வேறுபாடும் இல்லை. மஞ்சள் கரு ஆழ்ந்த நிறமாக வருவதும் கோழி தின்னும் கீரையாலும் மக்காச்சோளத்தாலும்தான்; கூண்டுக் கோழிக்கும் முருங்கை, அகத்தி கட்டிவிட்டால் கரு நிறம் மாறும். இந்தக் கோழிகள் அடைக்கு உட்காரா. ஒன்றரை வயதுக்குமேல் முட்டை குறைந்துகொண்டே வரும், அப்போது மாற்றியாக வேண்டும். கறிக்கும் பெரிதாகத் தேறாது. மூன்று நாள் தீவனம் குறைந்தாலோ தண்ணீர் ஒரு மதியம் வற்றினாலோ முட்டை உடனே குறையும். பழைய அளவுக்குத் திரும்ப வாரக் கணக்கில் ஆகும்.

தோப்பில் மேயும் கலப்பினங்கள்

ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியாவும் வனராஜாவும் ஒரே இடத்தில் பிறந்தவை என்றாலும் வேலை வேறு. கிராமப்பிரியா முட்டைக்கு. உடல் இலேசு, ஓடித் தப்பிக்கும், ஓரளவு தீவனம் கொடுத்தால் ஆண்டுக்கு 160 முதல் 180 முட்டை எதிர்பார்க்கலாம். வனராஜா முட்டை, கறி இரண்டுக்கும். முட்டை 100 முதல் 110தான், ஆனால் சேவல் நல்ல தீவனத்தில் மூன்று மாதத்துக்குள் ஒன்றரைக் கிலோ எட்டும். வனராஜா பெட்டையைக் கொழுக்க விடக்கூடாது. ஆறாம் மாதத்தில் இரண்டு, இரண்டேகால் கிலோவுக்குள் நிறுத்த வேண்டும். அதற்குமேல் போனால் அடிவயிற்றில் கொழுப்பு சேர்ந்து முட்டை நின்றுபோகும். "நல்லாத்தான் தின்னுது, முட்டை மட்டும் வைக்கலை" என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இதுதான்.

கேரள எல்லைக்குள் இருப்பவர்கள் மண்ணுத்தியின் கிராமஸ்ரீ, கிராமலட்சுமி இரண்டையும் முதலில் பாருங்கள். கிராமலட்சுமி, ஆஸ்திரலார்ப் என்ற வெளிநாட்டு இனமும் வெள்ளை லெகார்னும் சேர்ந்த கலப்பு. ஈரக்காற்றும் அடைமழையும் உள்ள ஊருக்கென்று தேர்ந்தவை என்பதால் ஆனி, ஆடித் தூறலில் இவை அவ்வளவு சுணங்குவதில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி வகைகள் உண்டு. பெங்களூருவின் கிரிராஜா கறிக்கு நல்லது, ஆனால் கனத்த உடம்பு. நாயோ கீரியோ வந்தால் பறந்து ஏறாது. பகலில் ஆள் இல்லாத தோப்புக்கு அதை வாங்க வேண்டாம்.

கலப்பினம் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவற்றின் முட்டையைப் பொரிக்க வைத்தால் குஞ்சு வரும், தாயின் குணம் அப்படியே வராது. ஒரே அடையில் பிறந்த குஞ்சுகளில் ஒன்று நன்றாக முட்டை வைக்கும், இன்னொன்று வைக்காது. அதனால் இவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்குவதாகவே கணக்குப் போடுங்கள்.

நாட்டுக்கோழி

சிறுவிடை ஒரு ஈற்றுக்கு 10 முதல் 14 முட்டை வைத்துவிட்டு அடைக்குக் குறுகும். குஞ்சோடு விட்டால் வருசத்துக்கு மூன்று, நான்கு ஈற்று. கலப்பினக் கோழியிடம் இல்லாதது அதன் தாய்மை: பருந்தின் நிழல் கண்டால் குஞ்சுகளைக் கூப்பிட்டு இறக்கைக்குள் வைக்கும், கரையானைக் கிளறிக் கொடுக்கும். சேவல் ஒரு கிலோ தாண்ட நான்கைந்து மாதம் ஆகும், ஆனால் அந்தக் கறிக்குக் கிடைக்கும் விலையே வேறு. வடகேரளத்துத் தலச்சேரிக் கோழியும் இதே போக்கு. கறுப்பு உடம்பில் நீலம் மினுங்கும், ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை, அடையில் கெட்டி.

சிறுவிடைக் கூட்டத்தில் கழுத்தில் இறகில்லாக் கோழி கிடைத்தால் விடாதீர்கள். இறகு குறைவதால் உடல் சூடு எளிதில் வெளியேறுகிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் பங்குனி, சித்திரை வெயில் 40 டிகிரியை நெருங்கும்போதும் இவை தீனி எடுக்கும். அசீல் என்ற சண்டைக்கோழி வழி வந்த பெருவிடையை வீட்டு முட்டைக்கென்று வாங்குவது வீண்: முட்டை மிகக் குறைவு, சேவல்கள் இளமையிலேயே சண்டை பிடித்துக் கண்ணையும் கொண்டையையும் கிழித்துக்கொள்ளும், தனித்தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக் கோழி. கறுத்த கறிக்கு வாங்குபவர் கையில் இருந்தால் மட்டும் வளர்க்கலாம்.

இரண்டையும் சேர்த்து வைப்பது

இந்த எல்லைப் பக்கத்துத் தோப்பு வீட்டுக்கு ஒரே பதில் கேட்டால், நான் சொல்வது இது: 8 கிராமப்பிரியா அல்லது கிராமஸ்ரீ பெட்டை, 3 சிறுவிடைப் பெட்டை, ஒரு சிறுவிடைச் சேவல். முட்டை முதல் கூட்டத்திலிருந்து வரும். குஞ்சும் கறியும் இரண்டாம் கூட்டத்திலிருந்து. சிறுவிடை அடைக்கு உட்காரும்போது அதன் முட்டை 10, 12 வைக்கலாம். பெரிய கலப்பின முட்டை என்றால் 8, 9க்கு மேல் வேண்டாம். உடம்புக்கு வெளியே நிற்கும் முட்டை குளிர்ந்து கூமுட்டையாகும். வனராஜா, கிரிராஜா சேவலைச் சிறுவிடையோடு விடக்கூடாது. கனத்த சேவல் ஏறி ஏறிப் பெட்டையின் முதுகுத் தோல் கிழியும், புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும்.

கறி மட்டுமே குறி என்றால், பிராய்லர் ஆறு வாரத்தில் 2 கிலோ வரும். அதை முற்றத்தில் மேயவிட முடியாது. இந்த ஊர் வெயிலில் மதியம் மூச்சு வாங்கிச் செத்துவிழும். வீட்டுக் கறிக்கு வனராஜா சேவல் குஞ்சுகளைத் தனியாக வாங்கி 12, 14 வாரத்தில் அறுப்பது நல்ல வழி.

வாங்கும் இடமும் காலமும்

தெருவில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளை வாங்காதீர்கள். பெரும்பாலும் அவை முட்டைக்கோழிப் பொரிப்பகத்தில் கழித்த ஆண் குஞ்சுகள்; முட்டை வராது, கறியும் ஏறாது. வண்டியில் கொண்டுவந்து "எல்லாம் பெட்டை" என்று விற்பவரிடம் 50, 60 நாள் குஞ்சு வாங்கும்போது நீங்களே பாருங்கள். கொண்டை அதற்குள் சிவந்து பெருத்து, கால் தடித்து, பிடரி இறகு கூர்மையாக நீண்டால் சேவல். கொண்டை சிறுத்து வெளிர் மஞ்சளாகவும், பிடரி இறகின் நுனி உருண்டும் இருந்தால் பெட்டை. மூக்கில் சளி, கண்ணோரம் நுரை, ஆசனவாயில் வெள்ளை எச்சம் ஒட்டியிருப்பது, இதில் ஒன்று ஒரு குஞ்சில் இருந்தாலும் அந்தக் கூட்டத்தையே விட்டுவிடுங்கள்.

புதியவர்களுக்கு ஒரு நாள் குஞ்சைவிட, தடுப்பூசி போட்ட இரண்டு மாத இளங்கோழிகள்தான் நல்லது. விலை கூடுதலாக இருந்தாலும் இறப்பு குறையும். கேரளக்காரர்களுக்கு மலம்புழாவிலுள்ள அரசுக் கோழிப் பண்ணையும் மண்ணுத்திப் பல்கலைக்கழகமும்; தமிழ்நாட்டுப் பக்கத்தவர்களுக்கு நாமக்கல் கால்நடைக் கல்லூரி. முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும். ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக்காய்ச்சல் வந்தால் வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச் சாவடிகளில் கோழி வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். அதனால் உங்கள் பக்கத்திலேயே வாங்க ஒரு வழி வைத்திருங்கள். புதுக் கோழியை பழைய கூட்டத்தோடு சேர்க்கும் முன் மூன்று வாரம் தள்ளி வைப்பது கட்டாயம்.

குஞ்சு இறக்க மார்கழி, தை நல்ல மாதங்கள். சித்திரை வெயில் வரும்போது இறகு கட்டியிருக்கும், ஆனி மழைக்குள் முட்டை தொடங்கும். ஆனி, ஆடியில் இறக்கினால் தரை ஈரத்தில் இரத்தக்கழிச்சல் பிடித்து இரண்டே நாளில் பாதி போய்விடும்.

கொட்டகை

கணவாய்க் காற்றை மறந்து கொட்டகை கட்டக்கூடாது. ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து சாரலோடு வீசும், மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்டு வீசும். நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே விழாது. காற்று படும் இரண்டு குறுகிய பக்கங்களையும் கூரைவரை அடைத்துவிட்டு, வடக்கும் தெற்கும் ஓரடிச் சுவருக்குமேல் கம்பிவலை போடுங்கள். வலைக் கண் அரை அங்குலம். பெரிய கண்ணென்றால் கீரியும் மரநாயும் கையை விட்டுக் கழுத்தைக் கிழிக்கும். இரவு அடைய கோழிக்கு ஒன்றரைச் சதுர அடி போதும். தரையில் நெல் உமி இரண்டு அங்குலம். தென்னை நார்க்கழிவு போடுவதானால் நன்கு காய்ந்தது மட்டும். மழைக்காலத்தில் அது ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.

முதல் எட்டு வாரம்

ஒரு நாள் குஞ்சாக வாங்கினால் முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு, பிறகு வாரம் 5 டிகிரி குறைப்பு. குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் குண்டு பல்பு. குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கினால் சூடு போதவில்லை, சுவரோரம் ஒதுங்கி வாய் திறந்தால் சூடு அதிகம். வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்க 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு எஃப் 1 அல்லது லசோட்டா தடுப்பு மருந்து, நான்காம் வாரம் லசோட்டா இன்னொரு முறை, எட்டாம் வாரம் இறக்கைத் தோலுக்கடியில் அதே நோய்க்கான ஆர்.டி.வி.கே. தடுப்பூசி. அம்மைத் தடுப்பு ஆறாம் வாரம். மருந்துப் புட்டி குறைந்தது 100 கோழிக்கானது, கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது. பக்கத்து நாலைந்து வீட்டுக் கோழிகளையும் அதே நாளில் பிடித்து வைத்தால் மருந்து வீணாகாது, நோயும் ஊருக்குள் சுற்றாது. குடற்புழு மருந்து இரண்டாம் மாதம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

தீவனம்

முட்டைப் பருவத்துக்கு 10 கிலோ கலவை: உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 5 கிலோ, அரிசித் தவிடு 1.7, சோயாப் புண்ணாக்கு 1.7, உப்பில்லாத கருவாட்டுத்தூள் 600 கிராம், கிளிஞ்சல் தூள் 800 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். புரதம் பதினாறு, பதினேழு சதவீதம் வரும். உப்புக் கருவாடு சேர்ந்தால் கோழி தண்ணீராகக் கழியும். இங்கே தேங்காய்ப் புண்ணாக்கு மலிவு என்று அதையே அள்ளிப்போடுவது நல்லதல்ல. பத்தில் ஒரு பங்குக்குமேல் வேண்டாம். மழைக்காலத்தில் அதுவும் கடலைப் புண்ணாக்கும் பூசணம் பிடிக்கும், அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும். இந்தக் கலவையைக் குஞ்சுக்குக் கொடுக்கக்கூடாது: முட்டை வைக்காத கோழிக்கு இவ்வளவு சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். தோப்புக் கோழிக்குக் காலையில் பாதி வயிறுதான் போட வேண்டும். நிறைத்துப் போட்டால் மேயாது. மீதியைச் சாயங்காலம் கொட்டகைக்குள் போட்டால் தானாகவே உள்ளே அடையும்.

தோல் முட்டையோ ஓடு மெலிந்த முட்டையோ வந்தால், தனிச் சட்டியில் கிளிஞ்சல் உடைத்து வையுங்கள். பகல் குறையும் ஐப்பசி, கார்த்திகையில் முட்டை குறைந்தால் தீவனத்தைக் குறை சொல்லாதீர்கள். விடியுமுன் ஒரு விளக்கைப் போட்டு வெளிச்ச நேரத்தை 15 மணி ஆக்கினால் பெரும்பாலும் மீளும். அதற்கும் அசையாமல், இறகு உதிர்க்கவும் இல்லாமல், கொண்டை சுருங்கி வெளுத்து நிற்கும் பெட்டையைப் பிடித்து, இடுப்பெலும்பு நுனிகளுக்கு நடுவே விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல் நுழைந்தால் முட்டைக்கோழி. ஒரு விரல்கூட நுழையவில்லை என்றால் அது தீனிதான் தின்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.