ஏஜி 4 (4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர்) நின்றுபோச்சா? ஆர்மேச்சரைத் திட்டுவதற்கு முன்னால் கார்பனைப் பாருங்கள்

"அண்ணா, மெஷின் ஓடலைண்ணா, ஆர்மேச்சர் போயிருக்கும்னு சொல்றாங்க, புதுசே வாங்கிடட்டுமா?" வேலூர், ராணிப்பேட்டை பக்கம் கிரில் வேலை, கல் வேலை செய்கிற பையன்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ஆர்மேச்சர் என்பது மோட்டாருக்குள் சுற்றுகிற, காயில் கட்டிய பாகம். கொஞ்சம் பொறுங்கள். ஓடிக்கொண்டிருந்த 4 இஞ்ச் கிரைண்டர் திடீரென்று நின்றால் பெரும்பாலும் போயிருப்பது கார்பன் (சுற்றுகிற ஆர்மேச்சருக்குக் கரன்ட் கொடுக்கிற, தேய்கிற சின்னக் கட்டை), இல்லையென்றால் கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில் அறுந்த ஒயர். இரண்டையும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே சரிசெய்யலாம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை ஆஃப் பண்ணியது போதாது, பிளக் உங்கள் கண்ணெதிரே தரையில் கிடக்க வேண்டும். டிஸ்க்கையும் கழற்றி ஓரமாக வையுங்கள்.

ஒயரைப் பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பிளக்கின் இரண்டு பின்னிலும் மீட்டரை வைத்து, சுவிட்சை ஆன் பண்ணிப் பிடித்துக்கொண்டு, ரப்பர் பூட் (ஒயர் நுழைகிற இடத்தில் இருக்கிற ரப்பர் உறை) பக்கம் ஒயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். ரீடிங் வந்து வந்து போனால் அறுந்திருப்பது அங்கேதான். அந்தத் துண்டை வெட்டியெறிந்துவிட்டு மறுபடி இணைக்கலாம், ஆனால் ஒயரை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்பை மறக்காமல் போடுங்கள். அதை விட்டுவிட்டால் அடுத்த முறை யாராவது ஒயரைப் பிடித்து மெஷினை இழுக்கும்போது உள்ளே இருக்கிற கனெக்‌ஷனே பிய்ந்துகொண்டு வரும். ஒயரை எப்படி ஆட்டினாலும் ரீடிங்கே வரவில்லையென்றால் சுவிட்ச்சாகவும் இருக்கலாம், கார்பனாகவும் இருக்கலாம்.

கார்பனுக்கு வருவோம். சில மெஷினில் பக்கவாட்டில் இரண்டு பிளாஸ்டிக் மூடி இருக்கும், சிலவற்றில் பின்பக்கக் கவரைக் கழற்ற வேண்டும். வெளியே எடுத்ததும் நீளத்தைப் பாருங்கள். 5, 6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். சில கம்பெனி கார்பனுக்குள் ஒரு சின்ன பின் இருக்கும், கார்பன் தேய்ந்ததும் அது வெளியே தள்ளி மெஷினைத் தானாகவே நிறுத்திவிடும், நன்றாக ஓடின மெஷின் சொல்லாமல் கொள்ளாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடப்பா கல்லும் கிரானைட்டும் வெட்டுகிற மெஷினில் இன்னொரு கதை: கார்பன் நீளமாகவே இருக்கும், தூசி அடைத்து ஹோல்டரில் சிக்கியிருக்கும், ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. அதற்குப் புது கார்பன் தேவையில்லை, ஹோல்டரைத் துடைத்தால் போதும்.

வாங்கப் போகும்போது பழைய கார்பனைக் கையோடு எடுத்துப் போங்கள். மெஷின் பெயரை மட்டும் சொன்னால் கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுப்பார். எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். கொஞ்சம் பெரிதாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்து நுழைத்துவிடலாம் என்பார்கள். தேய்க்கலாம், ஆனால் உள்ளே போட்டதும் தன் எடையிலேயே சறுக்கி இறங்க வேண்டும், அழுத்தித் தள்ளினால்தான் போகிறது என்றால் அது வேண்டாம்.

கார்பன் ஓட்டை வழியாக டார்ச் அடித்து கம்யூட்டேட்டரையும், அதாவது ஆர்மேச்சரில் கார்பன் உரசுகிற செம்புப் பட்டை வளையத்தையும், பார்த்துவிடுங்கள். செம்புப் பட்டைகள் சீராகப் பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. கறுத்திருந்தால் ஆர்மேச்சரை வெளியே எடுத்து, 400 நம்பர் உப்புத்தாளை லேசாகச் சுற்றித் துடைத்து, பட்டைகளுக்கு நடுவே இருக்கிற பள்ளத்தில் அடைந்த கார்பன் தூளை ஒரு ஊசியால் கீறி எடுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் பள்ளத்தில் தங்கி வம்பு பண்ணும். ஒன்றிரண்டு பட்டை மட்டும் தனியாக எரிந்து குழிவிழுந்திருந்தால் துடைத்துப் பிரயோஜனம் இல்லை. மீட்டரில் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளை வைத்து ஒரு சுற்று வாருங்கள்: எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே ரீடிங் வர வேண்டும், ஷாஃப்ட்டுக்கும் பட்டைக்கும் நடுவே எந்த ரீடிங்கும் வரக்கூடாது. இதில் எது தப்பினாலும் அப்போது சொல்லலாம், ஆர்மேச்சர் போச்சு என்று. விலை மலிவான மெஷினாக இருந்து, ஆர்மேச்சர் விலை புது மெஷினில் பாதியைத் தாண்டுகிறது என்றால் நானாக இருந்தால் காசைப் போட மாட்டேன். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் இதையும் கட்டித் தருவார்கள், நல்ல கம்பெனி மெஷினுக்கு அது சரிப்படும்.

மெஷின் ஓடுகிறது, ஆனால் கரகரவென்று கத்துகிறது என்றால் பேரிங்கோ கியரோ. கியர் ஹெட்டின் 4 ஸ்க்ரூவைக் கழற்றி, கறுத்து இறுகிப்போன கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுப் புது கிரீஸ் வையுங்கள். கியர் ஹெட்டுக்குள் இருக்கிற இடத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை போதும். நிறைத்து வைத்தால் சூடேறி மோட்டார் பக்கம் கசிந்து கார்பனில் ஒட்டும். பேரிங்கின் பக்கத்திலேயே நம்பர் இருக்கும், அதே நம்பரில், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டது கேளுங்கள், கல் தூசிக்கு அதுதான் தாங்கும். பேரிங்கை இழுத்துக் கழற்றுகிற புல்லர் இல்லையென்றால் பட்டறையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள், சுத்தியால் அடித்தால் ஷாஃப்ட் கோணிவிடும்.

சுவிட்சை மாற்றுவதாக இருந்தால் ஒயரைக் கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுங்கள். அவ்வளவுதான்.

இனி இந்த ஆர்மேச்சர் ஏன் கருகுகிறது என்பது. கிணற்று ஷெட்டிலிருந்து மெல்லிய ஒயரை நீளமாக இழுத்து வேலை பார்த்தால் மெஷினுக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் குறையும், சுற்று குறையும், வெட்டவில்லையே என்று நாம் இன்னும் அழுத்துவோம், கரன்ட் ஏறும், அதே நேரத்தில் உள்ளே இருக்கிற ஃபேனும் மெதுவாகச் சுற்றுவதால் காற்று போதாது. மே மாதத்து வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். எக்ஸ்டென்ஷனுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போடுங்கள். சூடானால் உடனே ஆஃப் பண்ணாமல், லோடு இல்லாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

எல்லாம் மாட்டியதும் டிஸ்க் இல்லாமல் 5 நிமிடம் ஓட்டுங்கள், புது கார்பன் தன் இடத்தில் உட்கார அந்த நேரம் வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் பொறி பறக்கும், போகப் போகக் குறைய வேண்டும். வட்டமாக நெருப்பு சுற்றி வந்தால் உடனே நிறுத்துங்கள். அப்புறம் டிஸ்க். 4 இஞ்ச் டிஸ்க்கில் வழக்கமாக 15,300 சுற்று வரை என்று அச்சிட்டிருக்கும், மெஷின் சுமார் 11,000 சுற்றுதான். டிஸ்க்கை மூடுகிற கார்டைக் கழற்றிவிட்டு 5 இஞ்ச் டிஸ்க்கோ பல் வைத்த மர பிளேடோ மாட்டுகிற ஆள் உங்கள் பட்டறையில் இருந்தால், ரிப்பேர் செய்த மெஷினை அவர் கையில் கொடுக்காதீர்கள்.