பெரிய ஆற்றில் ராஃப்டிங்: கரையை விட்டுப் புறப்படும் முறை

மேட்டூர் அணைக்குக் கீழே காவிரியிலேயே ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகான ராஃப்டில் ஆற்றின் போக்கில் செல்வது) பழகலாமா என்று சேலத்துக்காரர்களுக்குத் தோன்றுவது இயல்பு. வேண்டாம். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என அடுத்தடுத்து மின் உற்பத்திக்கான கதவணைகள் ஆற்றை மறித்து நிற்கின்றன; இத்தகைய தடுப்புகளின் அடியில் பின்னோக்கிச் சுருளும் நீர், லைஃப் ஜாக்கெட் அணிந்தவரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். தொடக்கநிலையினருக்கு ரிஷிகேஷ் கங்கையே ஏற்றது. அங்கும் சிவபுரியிலிருந்து தொடங்கும் தடத்தில் ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று பெயரிடப்பட்ட முரட்டு அலைகள் குறுக்கிடுவதால், பிரம்மபுரியிலிருந்து தொடங்கும் சுமார் 9 கிலோமீட்டர் பயணத்தையே முதலில் தேர்ந்தெடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெள்ளத்தின் காரணமாக அங்கு ராஃப்டிங் நடைபெறாது.

முதல் வேலை உடுப்பைச் சரிபார்ப்பது. லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையை ஒருவர் மேலே இழுக்கும்போது அது காதுவரை ஏறினால் பட்டைகள் தளர்வாக உள்ளன என்று பொருள். ஹெல்மெட் நெற்றியை மூடியிருக்க வேண்டும்.

அடுத்து, துடுப்பு. அதன் மேல்முனையிலுள்ள குறுக்குப்பிடியை உள்ளங்கையால் மூடியே பிடியுங்கள். கை நழுவினால் அந்தப் பிடி பக்கத்திலிருப்பவரின் பல்லைப் பதம் பார்க்கும். ஏற்காடு ஏரியில் படகு வலித்த பழக்கம் இங்கே அதிகம் உதவாது, ஏனெனில் அங்கு பின்பக்கம் பார்த்து வலிக்கிறோம், ராஃப்டிலோ முன்பக்கம் பார்த்துத் துழாவுகிறோம்.

இனி, புறப்பாடு. கரையோரப் பாறைக்குப் பின்னால் நீர் மெதுவாக மேல்நோக்கித் திரும்பும் இடத்தை வழிகாட்டிகள் 'எடி' என்பார்கள். ராஃப்டை அங்கேதான் நிறுத்தி ஏறுகிறோம். எடிக்கும் ஆற்றின் வேகமான பாய்ச்சலுக்கும் இடையே, நுரையும் சிறு சுழிகளுமாக ஒரு கோடு கண்ணுக்கே தெரியும். பாறைக்கு அருகில் அது மெல்லியதாகவும், கீழே போகப்போக அகன்று குழம்பியும் இருக்கும். எனவே பாறையை ஒட்டிய மேல்பகுதியிலேயே கோட்டைக் கடப்பது நல்லது. ராஃப்டின் முனையை நீர் வரும் திசையை நோக்கிச் சற்றுச் சாய்வாக வைத்து, வழிகாட்டி குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒரே சீராக வலுவாகத் துழாவ வேண்டும். தயங்கினால் ராஃப்ட் கோட்டின் மேலேயே சிக்கிச் சுழலும். முனை பாய்ச்சலில் நுழைந்ததும் நீர் அதைக் கீழ்நோக்கித் திருப்பும்; அந்தக் கணத்தில் உடல் எடையை நீர் போகும் பக்கமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் சாய்ந்தால், வரும் நீர் அந்த விளிம்பை அழுத்திக் கவிழ்க்கப் பார்க்கும்.

விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி மிதந்து வாருங்கள். கிணற்று நீச்சலில் தேர்ந்தவர்களே இதில் தவறுவதுண்டு: தரை தட்டுகிறதே என்று எழுந்து நிற்க முயல்வார்கள். ஓடும் நீரில் பாதம் கற்களுக்கிடையே சிக்கினால், இடுப்பளவு ஆழம்கூட ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். கரையிலிருந்து, பைக்குள் வைத்த மீட்புக் கயிறு வீசப்பட்டால், பையை விட்டுவிட்டுக் கயிற்றையே பிடித்துக்கொள்ளுங்கள். அதைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.