ராத்திரி ஷிப்டுக்காரனின் கோப்பை கேக்

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம் ஒரு ஸ்டோரில் உதவி டீமேக்கராக இருக்கிறேன். ஸ்டோர் என்றால் கடை இல்லை, தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. எங்கள் பக்கம் அதற்கு அதுதான் பெயர். மகள் உயர்தரம் படிக்கிறாள், அவளும் அம்மாவும் ஹட்டனில் வாடகை வீட்டில். குவாட்டர்ஸில் நான் தனி. ராத்திரி ஷிப்டு முடிந்து விடியற்காலை நாலரைக்கு வந்தால் நல்ல பசி இருக்கும், ஆனால் மா பிசைந்து ரொட்டி தட்ட மனம் வராது. அந்த நேரத்துக்கு வாய்த்ததுதான் மைக்ரோவேவில் செய்யும் இந்தக் கோப்பை கேக்.

மைக்ரோவேவ், தங்கச்சி குவைத்தில் வேலை முடிந்து வரும்போது கொண்டுவந்தது. பொத்தான்களில் பாதி அரபு எழுத்து. ஒரு வருசம் சோறு சூடாக்கத்தான் பாவித்தேன். பிறகு மகள் போனில் சொல்லச் சொல்ல முதல் கேக்கைச் செய்தேன். அவள் ஒன்றரை நிமிசம் என்றாள். ஒன்றரை நிமிசத்தில் மா எப்படி வேகும் என்று எனக்குச் சந்தேகம், மூன்று நிமிசம் வைத்துவிட்டேன். எடுத்தபோது கரண்டி இறங்கவில்லை. படம் அனுப்பியதும் உடனே பதில் வந்தது: "அப்பா, நீங்க கேக்கையும் ட்ரையர்ல போட்டுட்டீங்க." தேயிலையை மூன்று வீத ஈரத்துக்குக் காயவைத்துப் பழகிய கை, வேறென்ன செய்யும்?

ஆகவே சாமான் பட்டியலுக்கு முன்னால் நேரத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். இந்தக் கேக் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

செய்முறைகளில் 'தொண்ணூறு வினாடி' என்று எழுதியிருப்பார்கள். யாருடைய மைக்ரோவேவில் என்று எழுத மாட்டார்கள். பின்பக்கத் தகட்டில் இரண்டு எண் இருக்கும். பெரிய எண் அது கரண்டிலிருந்து இழுப்பது, சின்ன எண் உணவுக்குள் போவது. நமக்கு வேண்டியது சின்னது. என்னுடையதில் 700 வாட் என்று போட்டிருக்கிறது. ஆனால் விடியற்காலையில் சரியாக வந்த கேக், அதே அளவு, அதே கோப்பை, சாயந்தரம் ஏழு மணிக்கு வைத்தால் நடுவில் கூழாக நின்றது. இரண்டு மூன்று தடவை இப்படி ஆன பிறகுதான் தலைக்கு மேலே மங்கி எரியும் பல்பைப் பார்த்தேன். ஏழு மணிக்கு லயம் முழுக்க, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் முழுக்க, விளக்கும் டீவியும் ஓடும், கரண்ட் இறங்கிவிடும்.

ஸ்டோரில் பழைய தெர்மாமீட்டர் ஒன்று சும்மா கிடந்தது, அளந்தே பார்த்துவிட்டேன். நீங்களும் செய்யலாம். கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு லீற்றர் பச்சைத்தண்ணீர் எடுத்து சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் சரியாக இரண்டு நிமிசம் வையுங்கள். எடுத்துக் கலக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எத்தனை பாகை (செல்சியஸ்) ஏறியதோ அதை 35ஆல் பெருக்கினால், கிட்டத்தட்ட அதுதான் உங்கள் மைக்ரோவேவின் உண்மையான வாட். எனக்கு விடியற்காலையில் 18 பாகை ஏறியது, அதாவது 630. சாயந்தரம் 13தான், 455. தகட்டில் 700 என்று இருப்பதோடு சரி.

இனி கணக்கு சுலபம். கீழே சொல்லப்போகும் அளவுக்கு 60,000ஐ உங்கள் வாட்டால் வகுத்தால் வினாடி கிடைக்கும். எனக்கு விடியற்காலை 95 வினாடி, சாயந்தரம் இரண்டு நிமிசத்துக்குப் பத்து வினாடி கூட. 1,000 வாட் வைத்திருப்பவருக்கு ஒரு நிமிசம். இது என் கோப்பையிலும் என் கலவையிலும் பழகிக் கண்ட எண். முதல் தடவை பத்து வினாடி குறைத்தே வையுங்கள், போதாவிட்டால் மறுபடி வைக்கலாம்.

சரி, சாமான். கோதுமை மா நாலு மேசைக்கரண்டி, தட்டி மட்டம் பண்ணியது. கொக்கோ ஒன்றரை. சீனி இரண்டு. உப்பு ஒரு சிட்டிகை. பால் ஐந்து மேசைக்கரண்டி, எண்ணெய் இரண்டு. பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டியில் பாதி. அப்பச்சோடாவை அதற்குப் பதில் போடாதீர்கள், சவர்க்கார வாடை வரும்.

பேக்கிங் பவுடர் ஏன் அவ்வளவு கொஞ்சம் என்று கொழும்பில் இருப்பவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குக் கால் தேக்கரண்டி முழுசாக வேண்டும், பாலும் நாலு கரண்டி போதும். நாங்கள் இருப்பது 4,000 அடிக்கு மேலே. தேயிலைக்கு அதனால் நல்ல பெயர், கேக்குக்குக் கொஞ்சம் கஷ்டம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவு, மாவுக்குள் வரும் வாயுக்குமிழி அதிகமாக ஊதும். மா இறுகுவதற்கு முன்பே குமிழி உடைந்து நடுவில் கிணறு விழுந்துவிடும். தண்ணீரும் சீக்கிரமாகவே ஆவியாகும். 1,868 மீட்டரில் இருக்கிற நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். அதனால்தான் பவுடரைக் குறைத்து ஒரு கரண்டி பாலைக் கூட்டியிருக்கிறேன். கால் தேக்கரண்டி போட்ட நாளில் கேக் விளிம்பைத் தாண்டிச் சுழலும் தட்டில் வழிந்தது. அதைச் சுரண்டிய நேரத்தில் நாலு ரொட்டி சுட்டிருக்கலாம்.

எண்ணெய் விசயத்திலும் மலைக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஜனவரி மாதம் போத்தலைக் கவிழ்த்தால் தேங்காய் எண்ணெய் வராது, வெள்ளையாக உறைந்து நிற்கும். மைக்ரோவேவில் வைத்து உருக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் சூடாகும் வேகத்தில் வெறும் கொழுப்பு சூடாகாது, கோப்பைதான் சுட்டது. வேண்டிய அளவைக் கரண்டியால் தோண்டி ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, தேத்தண்ணிக்கு வைத்த சுடுதண்ணீரில் அந்தக் கிண்ணத்தை இறக்கி வையுங்கள், ஒரு நிமிசத்தில் கரையும். மாஜரினில் தண்ணீர் கலந்திருப்பதால் அது மைக்ரோவேவிலேயே சட்டென்று உருகும். ஆனால் பதினைந்து வினாடிக்கு மேல் வைத்தால் தெறிக்கும்.

பாலும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்த பாலை ஊற்றினால் உருக்கிய எண்ணெய் மறுபடி மணல் மாதிரி உறைந்துவிடும். நான் பால்மாதான் கரைக்கிறேன், ஒரு மேசைக்கரண்டி மாவுக்கு ஐந்து கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், கோதுமை மா கட்டி கட்டும், பேக்கிங் பவுடரும் அடுப்புக்குப் போகும் முன்பே பொங்கித் தீர்ந்துவிடும்.

கோப்பை பீங்கான். வாய் அகலமானது, 300 மில்லிலீற்றருக்குக் குறையாமல். சில்வர் டம்ளர், எனாமல் கோப்பை இரண்டும் கூடாது. தங்கக் கோடு போட்ட கல்யாணப் பரிசுக் கோப்பையும் கூடாது. எங்கள் வீட்டில் நல்ல கோப்பை என்று அலுமாரியில் இருந்தது அந்த ஒன்றுதான். இரண்டு வினாடியில் விளிம்பு முழுக்க நீலப்பொறி. கோடு இருந்த இடத்தில் இப்போது கறுத்த புள்ளிகள். என் மனைவி இன்னும் கவனிக்கவில்லை.

கோப்பையைச் சுடுதண்ணீர் விட்டு அலசித் துடைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தடித்த பீங்கான் பாதிச் சூட்டைத் தானே குடித்துவிடும். உலர்ந்த சாமான் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போட்டு முள்ளுக்கரண்டியால் கிளறுங்கள். கொக்கோ உருண்டைகளைக் கோப்பைச் சுவரில் வைத்து நசுக்கிவிடுங்கள். பால், அப்புறம் எண்ணெய். அடியில் மூலையில் உலர்ந்த மா ஒளிந்திருக்கும், கரண்டியை அங்கே விட்டுச் சுற்றுங்கள். கரண்டியைத் தூக்கினால் தோசை மாவு மாதிரி தொடர்ந்து வடிய வேண்டும், ரொட்டி மாவு மாதிரி பொத்தென்று விழக்கூடாது. மா மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். அடித்துக்கொண்டே இருந்தால் கேக் இழுபடும். கலவை கோப்பையில் பாதிக்கு மேல் வரக்கூடாது.

தட்டின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் வையுங்கள், சுற்றி வரும்போது சூடு பரவலாகப் படும். மூட வேண்டாம்.

இனிக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். அரை நிமிசம் வரை ஒன்றும் நடக்காது. பிறகு ஓரம் மட்டும் எழும்பும், நடு பள்ளமாக இருக்கும். அப்புறம் நடுவும் குமிழி விட்டுக்கொண்டே மேலே வந்து விளிம்பை எட்டிப் பார்க்கும். பளபளப்பு ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே போகும். அந்தப் பளபளப்பு பத்து ரூபாய்க் காசு அளவுக்கு வந்ததும் கதவைத் திறந்துவிடுங்கள். வேகவில்லை போலத்தான் தோன்றும். தோன்றட்டும். ஒன்றரை நிமிசம் அப்படியே விட்டால் உள்ளே இருக்கிற சூடே மீதியை வேகவைத்துவிடும். ட்ரையரில் வாசம் மாறியதும் நெருப்பைக் கவனிக்கிற எனக்கு, இங்கே வாசம் கைகொடுக்கவில்லை. கொக்கோ மணம் நன்றாக மூக்கில் ஏறும்போது கேக் காய்ந்து முடிந்திருக்கும். கண்ணைத்தான் நம்ப வேண்டும். மேலே பொன்னிறம் வருமா என்றும் காத்திருக்காதீர்கள், மைக்ரோவேவில் அது வராது.

முட்டை போடச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். ஒருவருக்கான கோப்பைக்கு ஒரு முழு முட்டை அதிகம். ஆம்லெட் வாடை வரும், றப்பர் போல இழுக்கும். கட்டாயம் வேண்டுமென்றால் மஞ்சள் கரு மட்டும் போட்டு ஒரு கரண்டி பாலைக் குறையுங்கள்.

கொக்கோ இல்லாத நாளில் நான் செய்வது இது: சீனியையும் கொக்கோவையும் விட்டுவிட்டு இரண்டரை மேசைக்கரண்டி கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு), கொஞ்சம் கறுவாத்தூள், துருவிய கரட் இரண்டு கரண்டி. பாணியிலும் கரட்டிலும் தண்ணீர் இருப்பதால் பாலை மூன்று கரண்டியாகக் குறைக்க வேண்டும். நேரம் பத்து வினாடி கூடலாம். உண்மையைச் சொன்னால் எனக்கு இதுதான் கொக்கோவைவிடப் பிடிக்கும். மகளுக்குப் பிடிக்காது, "மருந்து மாதிரி இருக்கு" என்பாள்.

பிளேன்டீயை முதலில் ஊற்றி வைத்துவிட்டுக் கேக்கை வையுங்கள். பத்து நிமிசத்துக்குள் சாப்பிட வேண்டும், ஆறினால் இறுகிவிடும். காலையில் சாப்பிடலாம் என்று எடுத்து வைக்கிற சாமான் இல்லை இது. சாப்பிட்டதும் கோப்பையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுங்கள். நான் பல நாள் மறந்து தூங்கிப்போய், மத்தியானம் எழும்பி அடியில் ஒட்டியதைத் தேங்காய்ப் பொச்சு போட்டுத் தேய்த்திருக்கிறேன்.