பொருந்தாத பாகத்தைப் பொருத்துவது எப்படி: வெளிக் கம்பெனி கார் பாகங்களை வீட்டில் மாட்டுவோருக்கான வழிகாட்டி

காரைத் தயாரித்த நிறுவனம் அல்லாமல் வேறொரு நிறுவனம் செய்து விற்கும் பாகத்தின் அட்டைப்பெட்டியில் உங்கள் கார் மாடலின் பெயர் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பாகத்தை அந்தக் காரில் ஒருமுறையாவது மாட்டிப் பார்த்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது. ஒரே மாடலிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பம்பரின் வளைவும் கிளிப்புகளின் இடமும் மாறிவிடுகின்றன. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும் வண்டியிலும் இடப்பக்கம் இருக்கும் வண்டியிலும் வயர் போகும் வழியே வேறு. இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் ஒரே அச்சில் வார்த்து எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்பவர்கள், தாங்கள் செய்ய வேண்டிய வேலையை வாங்குபவரின் தலையில் கட்டிவிடுகிறார்கள். மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் துளை, இறுக்கும்போதே தலை தேய்ந்துவிடும் ஸ்க்ரூ, வேறு வண்டியின் படம் போட்ட விளக்கத்தாள் என்று ஒவ்வொன்றாக நம் பொறுமையைத் தின்பது அந்த மிச்ச வேலைதான்.

இதில் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. பாகத்தைக் காருக்கு ஏற்ப மாற்றலாம். காரைப் பாகத்துக்கு ஏற்ப மாற்றக் கூடாது. அரத்தால் தேய்த்துக் கெட்டுப்போன பாகத்துக்குப் பதில் இன்னொன்று வாங்கிவிடலாம். கதவுத் தகட்டில் தவறாகப் போட்ட துளையை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. எனவே வேலையைத் தொடங்கும் முன்பே, திரும்பிப் போக முடியாத செயல்கள் எவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். டேப்பின் மேல்தாளை உரிப்பது, துளையிடுவது, வயரை வெட்டுவது, பிளாஸ்டிக்கைச் சீவுவது ஆகிய நான்கும் பெரும்பாலான வேலைகளில் அந்தப் பட்டியலில் இருக்கும். மற்ற எல்லாச் சோதனைகளும் இவற்றுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

முதல் சோதனை, பழைய பாகத்தைக் கழற்றிப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், துளைக்கும் துளைக்கும் உள்ள இடைவெளியையும், பற்றும் இடங்களின் தடிமனையும் அளந்து பாருங்கள். கனெக்டர் இருந்தால் அதன் பின்களை எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பூட்டும் நாக்கு எதிர்ப்பக்கம் இருக்கக்கூடும். கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், விளக்கத்தாள் சொல்லாத பலவற்றை அந்தப் படங்கள் சொல்லும். அளவு பொருந்தவில்லை என்று இந்தக் கட்டத்தில் தெரிந்தால், பாகத்தில் ஒரு கீறல்கூட விழாத நிலையில் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். இதைவிட நல்ல தருணம் பிறகு வராது.

அடுத்து, உடன் வந்த போல்ட்டு, நட்டு, ஸ்க்ரூ அடங்கிய சின்னப் பையைப் பாருங்கள். என் கருத்தில், மலிவான பாகங்களில் மிக மோசமாக இருப்பது இந்தப் பைதான். பெரும்பாலும் அதை ஒதுக்கி வைத்துவிட்டுத் தரமான போல்ட்டுகளைத் தனியாக வாங்குவதே நல்லது. போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற வலிமைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறியே இல்லாத போல்ட்டைச் சுமை தாங்கும் இடத்தில் போட வேண்டாம். மரையின் இடைவெளி, அதாவது அடுத்தடுத்த இரு புரிகளுக்கு நடுவே உள்ள தூரம், அதைவிட முக்கியம். எம்6 போல்ட்டுக்கு, அதாவது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்டுக்கு, வழக்கமான மரை இடைவெளி 1.0 மில்லிமீட்டர், எம்8-க்கு 1.25. எம்10-ல்தான் சிக்கல் வரும்: பொது வழக்கம் 1.5 என்றாலும், பல கார்களில் 1.25 இருக்கிறது. 1.25 மரை உள்ள துளையில் 1.5 போல்ட்டை வைத்தால் முதல் ஒன்றிரண்டு சுற்று தடையின்றி உள்ளே போகும், பிறகு இறுகும். துளையில் துருவோ பெயின்ட்டோ இருக்கும் என்று எண்ணி ஸ்பேனரை எடுப்பவரின் கையில், சில நொடிகளில் காரின் மரை அழிந்துவிடும்.

ஆகவே எந்த போல்ட்டையும் முதலில் விரலால் மட்டுமே திருக வேண்டும். வைத்தவுடன் இறுக்கும் திசைக்கு எதிராக மெல்லச் சுற்றுங்கள். மரையின் தொடக்கம் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது ஒரு சிறு ‘டக்’ விரலில் தெரியும். அங்கிருந்து இறுக்கும் திசையில் திருப்பினால் போல்ட்டு நேராக ஏறும். விரலால் நான்கைந்து சுற்று போகாத போல்ட்டு தவறான போல்ட்டு அல்லது கோணலாக ஏறிய போல்ட்டு. இரண்டுக்குமே மருந்து வெளியே எடுப்பதுதான். இறுக்கும் அளவை விளக்கத்தாள் சொல்லாவிட்டால் காரின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். பொதுவான அளவு தெரிய வேண்டுமென்றால், எஃகில் ஏறும் 8.8 தர எம்6 போல்ட்டுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு 25. அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் இதைவிடக் குறைவாகவே இறுக்க வேண்டும்.

துளைகள் நேராக வரவில்லை என்பது அடுத்த பெரிய எரிச்சல். ஒரு முனையை முழுவதும் இறுக்கிவிட்டு மறுமுனைக்குப் போகிறவருக்குக் கடைசித் துளை எப்போதும் தள்ளியே நிற்கும். எல்லா போல்ட்டுகளையும் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றித் தளர்வாக விட்டுவிட்டு, பாகத்தை அசைத்து அதன் இடத்தில் உட்கார வைத்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிச் சிறிது சிறிதாக இறுக்கினால், தவறு என்று தோன்றிய பல துளைகள் தாமாகவே சரியாகிவிடும். அப்படியும் சேராவிட்டால், பாகத்தில் இருக்கும் துளையை உருட்டு அரத்தால் தேவையான திசையில் மட்டும் நீட்டி, மேலே அகலமான வாஷர் வைத்து இறுக்குங்கள். தேய்த்த இடத்தில் இரும்பு வெளியே தெரிந்தால் அன்றைக்கே துருத்தடுப்பு பிரைமர் பூசிவிடுங்கள். இந்தச் சலுகை மட்கார்டு, கீழ்த்தகடு, அலங்காரச் சட்டம் போன்றவற்றுக்கு மட்டுமே உரியது. சஸ்பென்ஷன், இருக்கைத் தண்டவாளம், வண்டி இழுக்கும் கொக்கி ஆகியவற்றின் துளையை நீட்டுவது உயிரோடு விளையாடுவது.

டேப்பால் ஒட்டும் பாகங்களில், கதவுக் கண்ணாடிக்கு மேல் வைக்கும் மழைத் தடுப்பை எடுத்துக்கொள்வோம். நான்கில் மூன்று கச்சிதமாக உட்காரும். நான்காவதன் வளைவு கதவுச் சட்டத்தின் வளைவோடு சேராது. டேப்பை உரிக்காமல் அதை வைத்து, இரு முனைகளையும் காகித டேப்பால் பிடித்துவிட்டு, சட்டத்துக்கும் பாகத்துக்கும் நடுவே எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். வளைந்த அந்த இடத்தை அழுத்தி ஒட்டினால் ஒட்டும்; ஆனால் பிளாஸ்டிக் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப இழுத்துக்கொண்டே இருப்பதால், சில வாரங்களில் வெயில் ஏறிய ஒரு பிற்பகலில் முனை எழும்பிவிடும். வெந்நீரில் நனைத்த துணியாலோ முடி உலர்த்தியின் சூட்டாலோ பாகத்தை இளக்கி, வளைவைக் கையால் திருத்தி, ஆறும் வரை அந்த வடிவத்திலேயே பிடித்திருங்கள். இழுவை இல்லாமல் தானாக உட்காரும் நிலைக்கு வந்த பிறகுதான் ஒட்ட வேண்டும்.

ஒட்டும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து உலர விடுங்கள். வாக்ஸ் படிந்த பெயின்ட்டில் எந்த டேப்பும் நிற்காது. உடன் வந்த டேப் மெல்லிய வெள்ளை நுரையாக இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கார்களுக்கென்றே விற்கும் அக்ரிலிக் நுரை டேப்பை ஒட்டிக்கொள்ளுங்கள். அது 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. அதன் பிடிப்பு விரல் அழுத்தத்தைப் பொறுத்தது. முழு வலிமை வர 72 மணி நேரம் ஆகும். அதுவரை வண்டியைக் கழுவாதீர்கள். ஒட்டி முடித்ததும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கண்ணாடி ஏறும் ரப்பர் பள்ளத்துக்குள் ஒட்டும் வகைத் தடுப்பு தடிமன் கூடிக் கண்ணாடியை நெருக்கினால், தானாக ஏறும் கண்ணாடி ஏதோ மாட்டிக்கொண்டது என்று எண்ணிப் பாதியில் இறங்கிவிடும்.

கிளிப்புகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. உலோகத் திருப்புளிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் நெம்புகோலைப் பயன்படுத்துங்கள்; குளிரில் கழற்றாதீர்கள்; சில கிளிப்புகளைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சார பாகங்களில்தான் மோசமான வடிவமைப்பு ஆபத்தாக மாறுகிறது. ஸ்டீரியோவில் பொதுவாக மஞ்சள் வயர் பேட்டரியின் நிரந்தர மின்சாரம், சிவப்பு சாவி திருப்பினால் வரும் மின்சாரம், கறுப்பு எர்த். சில இணைப்பு வயர்களில் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும். சாவியை எடுத்ததும் நேரமும் வானொலி அமைப்பும் மறந்துபோனால் காரணம் இதுவாகவே இருக்கும். வயரின் நிறத்தை நம்பாமல், காரின் பக்கத்து ஒவ்வொரு பின்னையும் சாவி போட்டும் எடுத்தும் மல்டிமீட்டரால் (மின்சாரத்தை அளக்கும் கருவி) அளந்துவிட்டு இணையுங்கள். வயரின் தோலைக் கிழித்துக் கவ்வும் சின்ன நீலக் கிளிப் கொடுத்திருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்; அது செம்பு இழைகளை வெட்டும், ஈரம் புகுந்து பச்சை பிடிக்கும். சாலிடர் வைத்தோ கிரிம்ப் செய்தோ (உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கியோ) இணைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுவதே சரி.

ஹாரன் அல்லது கூடுதல் விளக்குக்கு ரிலே, அதாவது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின் சுவிட்ச், கட்டாயம். அதன் 30-ஆம் முனை பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 85-ம் 86-ம் சுவிட்சுக்கும் எர்த்துக்கும். ஐந்து முனை ரிலேயில் நடுவில் இருக்கும் 87ஏ, ரிலே ஓய்வில் இருக்கும்போது இணைந்திருக்கும் முனை. அங்கே ஹாரனை மாட்டினால், பேட்டரியை இணைத்தவுடன் அலறத் தொடங்கும். ஃபியூஸ் பேட்டரியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விளக்கின் பக்கத்தில் தொங்கும் ஃபியூஸ், இடையில் உரசிக் கிழியும் வயரைக் காப்பாற்றாது. எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாகப் பெரியதைப் போடுவது தீக்கு வழிவிடுவது. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என்ற நிற வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இண்டிகேட்டரில் 21 வாட் பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டால் அது வேகமாகச் சிமிட்டுவது, மின்னோட்டம் குறைந்ததால் பல்பு போய்விட்டது என்று கார் எண்ணுவதால். அதற்குத் தரப்படும் 6 ஓம் மின்தடை, எரியும் நேரமெல்லாம் சுமார் 24 வாட் சூட்டை வெளியிடுகிறது. அதை வயரிலோ பிளாஸ்டிக்கிலோ கட்டாமல் வெறும் தகட்டில் திருகுங்கள். எல்லாம் முடிந்தபின் வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, பேட்டரியின் மைனஸ் வயரோடு மல்டிமீட்டரைத் தொடராக இணைத்துப் பாருங்கள். 50 மில்லிஆம்பியருக்கு மேல் காட்டினால் புதிய பாகம் இரவெல்லாம் பேட்டரியைக் குடிக்கிறது. மீட்டர் இணைந்திருக்கும்போது என்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

திருத்தவே முயலாமல் திருப்பிக் கொடுக்க வேண்டியவையும் உண்டு. பிரேக் பேட் அதன் சட்டத்தில் தடையின்றி நகராவிட்டால், ஸ்டியரிங் இணைப்பில் ஆட்டம் இருந்தால், அது உங்கள் அரத்துக்கு உரிய வேலை அல்ல. இருக்கையின் பக்கத்தில் ஏர்பேக் உள்ள காரில், அந்த இடத்தில் பிரியும் தையல் இல்லாத உறையை எவ்வளவு அழகாக இருந்தாலும் மாட்டாதீர்கள். மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக் வயர். அங்கே மல்டிமீட்டரையும் வைக்க வேண்டாம். காலடி விரிப்பு அற்பமாகத் தோன்றலாம். 2009-ல் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, விரிப்பில் ஆக்ஸிலரேட்டர் பெடல் சிக்கிக்கொள்ளும் அபாயத்துக்காக. பழைய விரிப்பின் மேல் புதியதைப் போடாமல், தரையில் உள்ள கொக்கியில் மாட்டிவிட்டு, என்ஜினை அணைத்த நிலையில் பெடலை அடி வரை அழுத்தி, அது தானே திரும்புகிறதா என்று பாருங்கள்.

மாட்டிய பின் சில நாள் ஓட்டிவிட்டு எல்லா போல்ட்டுகளையும் மறுபடி சோதியுங்கள். பின்விளக்கு மாற்றியிருந்தால் ஒருவர் குழாயால் தண்ணீர் அடிக்க, இன்னொருவர் டிக்கிக்குள் கைவிளக்கோடு பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தையும் அதன் போல்ட்டுகளையும் ஒரே பையில் போட்டு, எந்தப் பக்கம், எந்த இடம் என்று எழுதி எடுத்து வையுங்கள். புதியதன் உத்தரவாதக் காலம் முடியும் வரையாவது அந்தப் பையைத் தூக்கிப் போடாதீர்கள்.