மலையில ரேக் மாட்டுறீங்களா? ஊட்டி, குன்னூர் பக்கம் அடிக்கடி நடக்குற தப்புங்க

நெட்வொர்க் ரேக் (இன்டர்நெட், கேமரா பெட்டிகள வரிசையா மாட்டி வைக்கிற இரும்பு அலமாரி) மாட்டுறதப் பத்தி இருக்குற கையேடு, வீடியோ எல்லாமே ஏசி ரூம மனசுல வெச்சு பண்ணினது. அங்க முதல் எதிரி சூடு. நம்ம ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் முதல் எதிரி ஈரம், அடுத்தது சுவரு, அதுக்கடுத்தது எர்த்து, சூடெல்லாம் அப்புறந்தான். கோயம்புத்தூர்ல காலங்காலமா ரேக் மாட்டிப் பழகின நல்ல கை கூட மேட்டுப்பாளையம் தாண்டி மேல வந்து அதே பழக்கத்துல மாட்டிட்டுப் போனா, ஜூன் மாசம் மழை புடிச்சதும் ஒவ்வொரு இடத்துலருந்தா போன் வர ஆரம்பிச்சிடும். ரிசார்ட்டு, ஸ்கூலு, டீ ஃபேக்டரி, கேபிள்காரர் ரூமுன்னு திரும்பத் திரும்ப கண்ணுல படுற தப்புகள மட்டும் எழுதுறேன்.

மொதல்ல இடம். "படிக்கட்டுக்கு அடியில சும்மாதாங்க கெடக்கு, அங்கயே மாட்டிருங்க"ன்னு ஓனர் சொல்லுவாரு. சரிங்கண்ணான்னு ட்ரில்ல எடுக்குறதுக்கு முன்னாடி "மேல பாத்ரூம் எந்தப் பக்கம் வருதுங்க"ன்னு கேட்டே ஆகணும். அதே மாதிரி கீசர் பைப் போற சுவரு, தகரக் கூரையில ஆணி அடிச்ச வரிசைக்கு நேர் கீழ, இதெல்லாம் வேண்டாம். இதவிட மோசம் மண்ணு வெட்டின பக்கத்துச் சுவரு. இங்க பாதி வீடு சரிவ வெட்டித்தானே கட்டியிருக்கு, பின்பக்கச் சுவரு பாதி உயரத்துக்கு மண்ணோட ஒட்டிக்கிட்டு இருக்கும், ஜனவரில போய்ப் பாத்தா நல்லா காஞ்சு பெயின்ட் எல்லாம் பளிச்சுன்னு இருக்கும், ஜூலைல அதே சுவத்துல ஊத்து வரும். 2019 ஆகஸ்ட்டுல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அந்த மாதிரி எல்லாம் வருஷா வருஷம் பெய்யத் தேவையில்ல, வாரக்கணக்கா விடாம புடிக்கிற தூறலே அந்தச் சுவர ஊற வைக்கப் போதும். கீழ தரையோட சேர்ற எடத்துல உப்பு பூத்திருக்கா, பெயின்ட் உப்பி உரிஞ்சிருக்கான்னு குனிஞ்சு பாருங்க. இருந்தா உள்பக்கச் சுவத்துக்கு மாறிடுங்க, கேபிள் பத்து மீட்டர் கூடப் போனாலும் பரவால்ல.

வெளியிலருந்து வர்ற கேபிள் வழியா தண்ணி வர்றத பலரும் யோசிக்கிறதே இல்ல. கூரையிலருந்து நேரா சாஞ்சு வந்து சுவத்து ஓட்டைக்குள்ள நுழையுற கேபிள், மழைல ஒரு சின்ன ஓடை. கேபிள் மேல ஒட்டிக்கிட்டு வர்ற தண்ணி ஓட்டை வழியா உள்ள வந்து, ரேக் மேல் தட்டு ஓட்டைல எறங்கி, பேட்ச் பேனல் (கேபிள் எல்லாம் வந்து முடியுற பலகை) பின்னாடி சொட்டி, கடைசில சுவிட்சுல, அதாவது லேன் கேபிள்கள ஒண்ணா சேக்குற பெட்டியில போய் நிக்கும். வெளியில ஓட்டைக்கு ஒரு சாண் கீழ வரைக்கும் கேபிள தொங்க விட்டு, அங்கருந்து மேல ஏத்தி உள்ள விடணும், அப்ப தண்ணி அந்தத் தொங்கல்லயே சொட்டிடும். ஓட்டையையும் வெளிப்பக்கம் கொஞ்சம் கீழ பாக்குற மாதிரி சாய்ச்சுப் போடுங்க. வேலை முடிஞ்சதும் சும்மா பேப்பர உருட்டி அடைக்காம கிளாண்ட் (கேபிளச் சுத்தி இறுக்குற மூடி) போட்டு அடைங்க, ஏன்னா தண்ணி மட்டும் இல்ல, எலி, எறும்பு, பல்லி எல்லாத்துக்கும் குளிர்காலத்துல ஊர்லயே கதகதப்பான இடம் உங்க ரேக்குதான்.

மூடுபனி உள்ள வருதேன்னு ரேக் மேல பிளாஸ்டிக் ஷீட்ட போத்தி விடுற பழக்கம் ஒண்ணு இருக்கு. தயவு செஞ்சு வேண்டாம். ஈரம் உள்ளயே மாட்டிக்கும், ஃபேனுக்கும் காத்து கெடைக்காது. அதே மாதிரி கரண்ட் மிச்சம்னு சொல்லி ராத்திரி சுவிட்ச் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் போறது. ஓடிக்கிட்டு இருக்குற பெட்டி சுத்தி இருக்குற காத்தவிட சூடா இருக்குற வரைக்கும் அது மேல ஈரம் படியாது. ஆஃப் பண்ணி ராத்திரி பூரா ஆற விட்டா, காலைல ஜன்னலத் தெறந்ததும் வர்ற ஈரக்காத்து, ஜில்லுன்னு இருக்குற போர்டு மேல தண்ணியா படியும், நீங்க வந்து அந்த நேரம் பார்த்து கரண்ட போடுவீங்க. அதனால ஓட விட்டுடுங்க. ரொம்ப ஈரமான ரூம்னா தெர்மோஸ்டாட் வெச்ச சின்ன ரேக் ஹீட்டர் கெடைக்குது, அத மாட்டலாம். பீரோவுல துணி பூஞ்சை புடிக்காம இருக்க குண்டு பல்ப் போடுவாங்கள்ல, அத ரேக்குக்குள்ள பண்ணி கேபிள் பக்கத்துல தொங்க விடுறது நெருப்ப கூப்பிடுற வேலை.

புதுப் பெட்டி வந்ததும் அவசரப்படாதீங்க. ராத்திரி பூரா பிக்கப் வண்டியில குளிர்ல கெடந்த சுவிட்ச, காலைல ஹீட்டர் போட்ட ரூம்லயோ கிச்சன் பக்கத்துலயோ கொண்டு போய் உடனே பிரிச்சா, மூக்குக் கண்ணாடில ஆவி படியுற மாதிரி உள்ள போர்டுல படியும். பிரிக்காம அட்டைப்பெட்டியோடவே அந்த ரூம்ல சில மணி நேரம் வெச்சிருந்து அப்புறம் தெறங்க.

"ஊட்டிதானே, ஃபேன் எதுக்கு"ங்கறதும் தப்புக் கணக்கு. ஊட்டி கிட்டத்தட்ட 2240 மீட்டர் உசரம், அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தவிட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கொறைவு, அதே ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் எடுத்துட்டுப் போற சூடு கம்மி. குளிர் அத ஈடு கட்டிடும், ஆனா கண்ணாடிக் கதவப் பூட்டி, பிஓஇ சுவிட்ச (லேன் கேபிள் வழியாவே கரண்டும் குடுக்குறது) ரெண்ட ஒட்டி ஒட்டி மாட்டி, பக்கவாட்டு ஓட்டைய கேபிள் கட்டால அடைச்சு வெச்சா குளிரும் காப்பாத்தாது.

சுவரு. பழைய பங்களாக்கள்ல கல்லும் மண்ணும் சுண்ணாம்புக் காரையும் வெச்சு கட்டின சுவரு, ட்ரில் போட்டா பிட்டு சில சமயம் வெண்ணெயில போற மாதிரி போகும், அடுத்த ஓட்டைல கருங்கல்லுல முட்டி நிக்கும். புதுசா கட்டுற லாட்ஜுல ஹாலோ பிளாக்கு. ரெண்டுலயும் ராவல் பிளக்க (ஸ்குரூவுக்காக சுவத்து ஓட்டைல செருகுறது) நம்பி 9யு ரேக்க (யுங்கறது ரேக்கோட உயர அளவு) தொங்க விட்டா, காலியா இருக்குறப்ப கெட்டியாதான் இருக்கும், உள்ள சுவிட்ச், என்விஆர் (கேமரா பதிவுப் பெட்டி), யுபிஎஸ்னு ஏத்த ஏத்த மெதுவா முன்னாடி சாயும். சுவர் ரேக்கோட எடை நேரா கீழ மட்டும் இழுக்கல, மேல் போல்ட்ட வெளியிலயும் இழுக்குது, ரேக் ஆழம் கூடக் கூட அந்த இழுப்பும் கூடும். நல்ல 18 மில்லி பிளைவுட் பலகைய பல எடத்துல சுவத்தோட புடிச்சு அது மேல ரேக்க மாட்டுங்க, முடிஞ்சா சுவத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போல்ட்ட விட்டு பெரிய வாஷர் போட்டு முறுக்குங்க. சுவரு சரியில்லன்னு தோணுச்சுன்னா ஒளிவு மறைவு இல்லாம தரையில நிக்கிற ரேக் வாங்கச் சொல்லிடுங்க. அதுலயும் பலகைத் தரையா இருந்தா சக்கரத்து மேல நிக்க வைக்காம, கால எறக்கி, ரசமட்டம் வெச்சுப் பாத்து, மேல் பக்கத்த சுவத்தோட ஒரு கிளாம்ப் போட்டுப் புடிங்க. எல்லா ட்ரில் வேலையும் முடிச்சு, தூசியப் பெருக்கினதுக்கு அப்புறந்தான் சுவிட்ச் பெட்டியவே பிரிக்கணும். ஓடிக்கிட்டு இருக்குற சுவிட்சுக்கு மேல ரேக் தகட்டுல ஓட்டை போட்டா எறங்குறது இரும்புத் தூள், எந்த எடத்துல போய் ஷார்ட் ஆகும்னு யாருக்கும் தெரியாது.

உள்ள மாட்டுறப்ப, கனமானது கீழ. 3 கேவிஏ யுபிஎஸ் பேட்டரியோட 30 கிலோ பக்கம் வரும், அத சுவர் ரேக்குல ஏத்தாதீங்க, தரையில வைங்க. தரை ரேக்குல வெச்சாலும் முதல்ல பேட்டரியக் கழட்டிட்டு வெறும் கூட்ட ஏத்தி, அப்புறம் பேட்டரிய உள்ள தள்ளுங்க, மோதிரம், இரும்பு ஸ்ட்ராப் வாட்ச் எல்லாம் கழட்டிட்டு. பின்னாடி தாங்குறதுக்கு ரெயிலோ தட்டோ இல்லாம முன் காதுல மட்டும் கனமான பெட்டிய மாட்டினா காது வளைஞ்சு, பெட்டி பின்பக்கமா தலைய தொங்கப் போட்டு கீழ இருக்குறது மேல உக்காந்துக்கும்.

கேஜ் நட்டுல (ரேக் தூண் ஓட்டைல மாட்டுற நட்டு) புதுப் பசங்க தடுமாறுற எடம் ஒண்ணு. ரேக் தூண்ல ஓட்டை எல்லாம் ஒரே இடைவெளில இருக்குற மாதிரி தெரியும், ஆனா இருக்காது. ஒரு யு 44.45 மில்லி, அதுக்கு மூணு ஓட்டை, ஓட்டை நடுவுலருந்து நடுவு 15.9, 15.9, அப்புறம் 12.7. அந்தக் குட்டி இடைவெளிக்கு நடுவுலதான் ஒரு யு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்குது. அதப் பாக்காம கண்ணுக்குத் தோணின ஓட்டைல நட்ட மாட்டினா ஒண்ணு ஸ்குரூ சேராது, இல்ல பெட்டி ஒரு ஓட்டை தள்ளி உக்காந்து அடுத்த பெட்டிக்கு இடமே இருக்காது. அப்பத்தான் "சுத்தியால தட்டினா போயிடும்ணே"ன்னு ஒரு தம்பி சொல்லுவான். விடாதீங்க. மார்க்கர்ல முதல்லயே கோடு போட்டுட்டு, ஒருத்தர் பெட்டியத் தாங்கிப் புடிக்க இன்னொருத்தர் கீழ் ஸ்குரூவ முதல்ல ஏத்தணும். நட்ட மாட்ட அதுக்குன்னு இருக்குற சின்னக் கொக்கிய வெச்சுக்குங்க, ஸ்குரூ டிரைவரால நெம்பினா வழுக்கி விரல்லதான் எறங்கும்.

இப்ப எர்த்து, நான் அதிகமா சண்டை போடுறது இதுக்குத்தான். ஏப்ரல், மே கோடை மழையிலயும் ஐப்பசி மழையிலயும் இங்க இடி எப்படி விழும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ரிசார்ட்டுல ரிசப்ஷன்லருந்து கீழ சரிவுல இருக்குற காட்டேஜுக்கு லேன் கேபிள மரத்துக்கு மரம் கட்டி இழுத்துருப்பாங்க. ரெண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த்து, பக்கத்துல இடி எறங்குறப்ப அந்த ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வர்ற வோல்டேஜ் வித்தியாசம் போறதுக்கு கெடைக்கிற வழி உங்க செம்புக் கேபிளும் அது முனையில இருக்குற சுவிட்சும்தான். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடுங்க, வேற பேச்சே வேண்டாம். ஃபைபர் போட்டுட்டேனேன்னு நிம்மதியா இருக்காதீங்க, அந்த ஃபைபரோட கூட வர்ற இரும்புக் கம்பி, இரும்புக் கவசம் இருக்கே, அத அப்படியே ரேக் வரைக்கும் கொண்டு வந்து உடம்புல கட்டி வெச்சா செம்புக் கேபிளுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? கட்டடத்துக்குள்ள நுழையுற எடத்துலயே அத வெட்டி நிறுத்தி எர்த் பண்ணுங்க, இல்ல உலோகமே இல்லாத கேபிளா வாங்குங்க. கூரை மேல ரேடியோ லிங்க் (ஒயர் இல்லாம நெட் கொண்டு வர்ற ஆன்டெனா) இருந்தா அந்தக் கேபிளுக்கு உள்ள நுழையுற எடத்துல சர்ஜ் புரொடெக்டர் (திடீர்னு ஏறுற வோல்டேஜ எர்த்துக்குத் தள்ளி விடுறது) வேணும், அதுவும் எர்த்தோட சேர்ந்திருந்தாத்தான் வேலை செய்யும்.

ரேக்குக்குன்னு தனியா ஒரு கம்பிய தோட்டத்துல அடிச்சு அத கட்டட எர்த்தோட சேக்காம விடுறதும் இதே ஆபத்துதான், எல்லா எர்த்தும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கணும். மூணு பின் பிளக்குல பெரிய பின்ன ஒடச்சுட்டு மாட்டுறது, எர்த் வரலன்னு நியூட்ரலயும் எர்த்தையும் சாக்கெட்டுலயே முறுக்கி விடுறது, இது ரெண்டையும் எங்க பாத்தாலும் வேலைய நிறுத்திடுங்க, எங்கயாவது நியூட்ரல் அந்துச்சுன்னா ரேக் கதவத் தொடுறவனுக்கு நேரா 230 வோல்ட். ரேக் எர்த் ஒயர மாட்டுறப்ப பெயின்ட் மேலயே போல்ட்டப் போட்டு முறுக்காம, சொரண்டி உலோகம் தெரிஞ்சதும் பல்லு வாஷர் போட்டு முறுக்குங்க, கதவுக்கும் தனியா ஒரு ஒயர். இங்க பாறைச் சரிவுல மண்ணு ஆழமே கொஞ்சந்தான், மார்ச்சுல காஞ்சு போனா மழைக்காலத்துல நல்லா இருந்த எர்த்து கூட கெட்டுப்போகும், அதனால அளக்குறத கோடையில அளங்க.

ஸ்டாட்டிக் (உரசல்ல உடம்புல சேர்ற மின்சாரம்) பத்தி ஒரு வார்த்தை. ஈரமான ஊருல ஸ்டாட்டிக் எங்கன்னு கேப்பாங்க. ஜனவரி, பிப்ரவரில உறைபனி விழுற நாள்ல பகல் காத்து நல்லா வறண்டு போயிடும், நம்ம ஆளுங்க எல்லாரும் கம்பளி ஸ்வெட்டர். கழட்டுறப்ப பட்பட்னு கேக்குதுல்ல, அதே கையோட எஸ்எஃப்பிய (ஃபைபர சுவிட்சோட சேக்குற சின்ன மாட்யூல்) எடுக்காதீங்க, கையில ஸ்டாட்டிக்குக்கான எர்த் ஸ்ட்ராப் மாட்டுங்க. ஃபைபர் முனைய கண்ணுக்கு நேரா தூக்கிப் பாத்து "லைட் வருதா"ன்னு பாக்குறதையும் விடுங்க, 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, பவர் மீட்டர்தான் சொல்லும்.

டீ ஃபேக்டரில வேலைன்னா தனிப் பாடம். சல்லடை போடுற ரூமுக்குப் பக்கத்துல இருந்த ஒரு சுவிட்ச தெறந்தப்ப, ஃபேன் ரெக்கையில பழுப்பு நிறத்துல மெல்லிசான நாரு, ஹீட் சிங்க் (சூட்ட வெளியேத்துற உலோகத் தகடு) இடுக்கு பூரா அதே நாரு கெட்டிப்பட்டு, நகத்தால உரிச்சா ஒரு பட்டையா வந்துச்சு, மோந்து பாத்தா டீ வாசம். வறண்டு இருக்குற வரைக்கும் அது காத்த மட்டுந்தான் அடைக்கும், ஈரத்த இழுத்துக்கிச்சுன்னா கரண்டும் கசிய ஆரம்பிக்கும். அங்க ஃபேன் இல்லாத சுவிட்சா பாத்து வாங்குங்க, இல்ல ஃபில்டர் வெச்ச மூடின ரேக்க ஆபீஸ் பக்கம் வைங்க. ஃபில்டர யாரு கழுவுறதுன்னு ஒரு ஆள் பேர் சொல்லி எழுதி ஒட்டிட்டு வாங்க, இல்லன்னா யாரும் கழுவ மாட்டாங்க.

கரண்ட் விஷயம் சுருக்கமா. மரம் சாஞ்சு லைன் போறதும் திரும்ப வர்றப்ப வோல்டேஜ் குதிக்கிறதும் இங்க சகஜம், யுபிஎஸ்ஸுக்கு முன்னாடி ஸ்டெபிலைசர் வேணும். ஜனவரி ராத்திரி குளிர்ல பேட்டரி பேக்கப் பத்து இருபது சதவீதம் கொறையும், அதையும் சேத்துக் கணக்குப் போடுங்க. மலிவா கெடைக்குதுன்னு செம்பு பூசின அலுமினியக் கேபிள பிஓஇ கேமராவுக்கு இழுக்காதீங்க, அது சூடாகும், ஈரத்துல முனை அரிக்கும். கேபிள் டைய நரம்பு பொடைக்கிற மாதிரி இழுத்துக் கட்டாம வெல்க்ரோ போடுங்க.

ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி ஓனரப் பக்கத்துல வெச்சுக்கிட்டே மெயின ஆஃப் பண்ணி யுபிஎஸ்ல எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாருங்க, ஜெனரேட்டர ஸ்டார்ட் பண்ணி அதுலயும் பாருங்க, ரேக் சாவி ஒண்ண அவர் கையில குடுங்க. மே கடைசில, மழைக்கு முன்னாடி, வந்து போல்ட்ட முறுக்கி, கேபிள் தொங்கலையும் ஓட்டை அடைப்பையும் பாக்குறதுக்கு தனியா காசுன்னு பில்லுலயே எழுதிடுங்க. அப்புறமா கேட்டா குடுக்க மாட்டாங்க.