கெர்த் அளப்பது எப்படி: டேப்பை எங்கே சுற்றுவது?

வயல் ஒன்றின் நான்கு பக்கத்தையும் கூட்டினால் சுற்றளவு. வட்டத்தின் விளிம்பை அளந்தாலும் சுற்றளவு. தேக்கு மரத்தை டேப்பால் வளைத்து அளந்தாலும் நமக்குச் சுற்றளவுதான். ஆங்கிலத்தில் முதலாவது பெரிமீட்டர், இரண்டாவது சர்க்கம்ஃபரன்ஸ், மூன்றாவது கெர்த். நீளமான ஒரு பொருளின் பருமனை, அதன் நீளத்துக்குக் குறுக்காகச் சுற்றி அளப்பதே கெர்த். குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்கும் வாருக்கும் இதே பெயர்தான்.

பார்சலில் இது எளிது. பெட்டியின் மிக நீண்ட பக்கம்தான் நீளம். மற்ற இரண்டையும் கூட்டி இரட்டித்தால் கெர்த். 20 × 12 × 10 அங்குலப் பெட்டிக்கு 2 × (12 + 10) = 44. அமெரிக்கத் தபால் துறை போன்றவை நீளத்தோடு கெர்த்தைக் கூட்டியே அளவு வரம்பு வைக்கின்றன. இங்கே அந்தக் கூட்டுத்தொகை 64. நீண்ட பக்கத்தைக் கெர்த்துக்குள் சேர்த்துவிட்டால் கணக்கு மொத்தமும் தவறும்.

மாட்டுக்கு, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். மாடு நான்கு காலும் ஊன்றி நேராக நிற்கட்டும். நெஞ்சுச் சுற்றளவின் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி 300ஆல் வகுத்தால், அங்குலக் கணக்கில் எடை பவுண்டில் கிடைக்கும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் 600 பவுண்டு, ஏறக்குறைய 272 கிலோ. இது தோராயம்தான். சுற்றளவு வர்க்கமாகப் பெருகுவதால், டேப் தளர்ந்து ஓரிரு அங்குலம் கூடினாலும் எடை கணிசமாக மாறும்.

அதிகம் பிசகுவது மரத்தில்தான். நிற்கும் மரத்தை இப்படி அளக்கலாம்:

1. தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் சுண்ணாம்பால் குறியிடுங்கள். இந்தியாவில் மார்பு உயரம் என்பது இதுதான். பல நாடுகளில் 1.3 மீட்டர். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடுங்கள்.
2. கொடி, பாசி, உரியும் பட்டை இருந்தால் அகற்றுங்கள்.
3. நீண்டு கொடுக்காத டேப்பை, தண்டுக்குச் செங்குத்தாகச் சுற்றுங்கள். டேப் சாய்ந்தால் அளவு கூடுதலாகவே வரும், ஒருபோதும் குறையாது. அதனால் மரத்தின் பின்பக்கம் போய் ஒருமுறை பாருங்கள்.
4. குறியிட்ட இடத்தில் முடிச்சோ புடைப்போ இருந்தால், அதற்கு மேலும் கீழும் சம தூரத்தில் அளந்து சராசரி எடுங்கள். மார்பு உயரத்துக்குக் கீழேயே கவை பிரிந்திருந்தால் இரண்டு மரமாகப் பதியுங்கள்.

பதிவேட்டில் ஜிபிஎச் என்றால் இந்தச் சுற்றளவு. டிபிஎச் என்றால் விட்டம். 110 செ.மீ. சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம் 35 செ.மீ. சுற்றளவை விட்டத்தின் கட்டத்தில் எழுதினால் மரம் மூன்று மடங்கு பருத்துவிடும்.

வெட்டிய தடிக்கு நடுநீளத்தில் டேப் சுற்ற வேண்டும். பட்டையோடா, பட்டை நீக்கியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மர வியாபாரத்தில் பழகியது கால்சுற்று முறை: சுற்றளவை 4ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்குவது. 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளத் தடிக்கு 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி (சதுர அங்குலத்தைச் சதுர அடியாக்கவே 144). அதே தடியை உருளையாகக் கணக்கிட்டால் 12.73 கன அடி. கால்சுற்று முறை உண்மையான கன அளவில் 78.5 சதவீதத்தைத்தான் காட்டும். அறுப்பில் போகும் கழிவுக்கு அது தோராயமாக இடம் விடுகிறது.

இதில் ஏமாற்று எதுவுமில்லை, இரு தரப்பும் ஒரே முறையில் பேசும்வரை. கன அடி 2,000 ரூபாய் என்று வைத்தால், அந்த ஒரே தடி ஒரு கணக்கில் 20,000, மறு கணக்கில் 25,460. விலை பேசும் முன்பே எந்த முறை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.