நீலகிரிக்குக் குடிபோகிறீர்களா? மழையில் வந்து வீடு பாருங்கள்

மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், இறங்கும் வழியிலேயே ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி "இங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா?" என்று விசாரிப்பார்கள். மே மாதத்தில் நீலகிரியில் எல்லா வீடும் நல்ல வீடுதான். ஓய்வுபெற்று வருகிறவரோ, லேப்டாப்பில் வேலை பார்ப்பவரோ, இங்கே நிரந்தரமாக இருக்க நினைத்தால் பருவமழையில் ஒருமுறை வந்து பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

1. எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்

மாவட்டம் ஒன்றுதான், மழை இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்போது கோத்தகிரிப் பக்கம் பெரும்பாலும் சாரலும் காற்றும்தான். குன்னூர், கோத்தகிரிக்கு முக்கியமான மழை அக்டோபருக்கு மேல் வரும். 2009 நவம்பரில் இந்த வட்டாரத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தது அந்த மழையில்தான்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர். கோத்தகிரி சுமார் 1,800. டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, தலைகுந்தா புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். குளிர் தாங்காதவர்களுக்கு என் ஓட்டு கோத்தகிரிக்கு. மேட்டுப்பாளையமும் 33 கிலோமீட்டர்தான்.

2. மழை நாளில் வீடு பாருங்கள்

வீட்டுக்காரர் சாவியோடு வந்ததும் ஹாலையும் ஜன்னல் வழித் தெரியும் தேயிலைத் தோட்டத்தையும் காட்டுவார். நீங்கள் பீரோவை நகர்த்தி, பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் கையில் ஒட்டினால், பெயிண்ட் பொருக்கு விட்டிருந்தால், மூலையில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சணம். புதுப் பெயிண்ட் வாசனை தூக்கலாக அடித்தாலும் சந்தேகப்படலாம். அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். மூக்கு பொய் சொல்லாது.

அடுத்து வீட்டுக்குப் பின்னால் போங்கள். மண்ணைச் செங்குத்தாக வெட்டிச் சமமாக்கிய இடமா? தடுப்புச் சுவர் இருக்கிறதா? அதில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருக்கிறார்களா? ஓட்டை இல்லாத தடுப்புச் சுவர் மழைத் தண்ணீரின் பாரத்தை முழுசாக வாங்கிக்கொண்டு ஒருநாள் சாய்ந்துவிடும்.

காலை வெயில் விழுகிற வீடாகப் பாருங்கள். மேற்குச் சரிவில், சீகை (வாட்டில்) மரங்களுக்கு அடியில் இருக்கிற வீட்டில் துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் காயாது.

ரோட்டிலிருந்து வாசலுக்கு எத்தனை படி என்று எண்ணுங்கள். மலையில் நிறைய வீடுகள் ரோட்டுக்குக் கீழே இருக்கும். கேஸ் சிலிண்டரும், அரிசி மூட்டையும், நாளைக்கு ஒரு ஸ்ட்ரெச்சரும் அதே படியில்தான் போகவேண்டும்.

3. நெட்டும் கரண்டும்

"இங்கே ஃபைபர் இருக்கு சார்" என்று வீட்டுக்காரர் சொன்னால் போதாது. பக்கத்து வீட்டில் யார் கனெக்ஷன் வைத்திருக்கிறார்கள், போன மழையில் எத்தனை நாள் அறுந்து கிடந்தது என்று கேளுங்கள். நீங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கப்போகும் அதே அறையில், அலுவலக நேரத்தில் ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். ஒரு வளைவு தள்ளினால் டவர் மறைந்துவிடும் ஊர் இது. இரண்டு வேறு கம்பெனி சிம் கட்டாயம்.

பலத்த காற்றடித்தால் கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ மின்கம்பியில் விழும். கரண்ட் வர ஒரு நாள்கூட ஆகலாம். இன்வெர்ட்டர் வேண்டும். மோடத்துக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் போட்டால் இன்னும் நல்லது. ரூம் ஹீட்டரை இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள். குளிருக்குப் பயந்து மூடிய அறைக்குள் கரி அடுப்பும் வைக்காதீர்கள். அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இந்த மலையிலேயே அப்படி உயிர் போயிருக்கிறது.

4. மருத்துவமனைத் தூரம்

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், குன்னூரில் அரசு லாலி மருத்துவமனையும் இருக்கின்றன. இதயச் சிகிச்சை மாதிரி பெரிய வைத்தியத்துக்கு இன்றும் பலர் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். ராத்திரி மூடுபனியில் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் வீடு பார்க்கும் முன் டாக்டரைப் பாருங்கள்.

5. சமையலறையைப் பழக்குங்கள்

ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகும் என்று காத்திருந்தால் மதியச் சாப்பாடு சாயங்காலம்தான். குக்கர் இல்லாமல் இங்கே குடித்தனம் இல்லை; விசிலும் ஒன்றிரண்டு கூடுதலாக விடுங்கள்.

இட்லி மாவு பொங்குவதுதான் பெரிய சவால். கீழே ராத்திரி அரைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும் மாவு, ஜனவரியில் இங்கே வைத்தது வைத்தபடி கிடக்கும். மதியமே அரையுங்கள். உளுந்தோடு கொஞ்சம் வெந்தயம் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, கையால் நன்றாகக் கரைத்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, அடுப்பு அணைத்த சூடு இருக்கிற மேடை ஓரமாக வையுங்கள். அப்படியும் சில நாள் பொங்காது. அன்றைக்குத் தோசை.

உப்பு, பொடி வகைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தோல் செருப்பும் பெல்ட்டும் ஒரு மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும்.

6. அக்கம்பக்கம், இரண்டு காலும் நான்கு காலும்

வீடு ஹட்டியை, அதாவது படுகர் சமூகத்தாரின் ஊரை, ஒட்டி இருந்தால் ஊர்ப் பெரியவர்களை முதல் வாரமே பார்த்துவிடுங்கள். அவர்கள் கும்பிடும் ஹெத்தையம்மன் பண்டிகையன்று கூட்டத்தோடு போய் நில்லுங்கள். சாவு வீட்டுக்குப் போகத் தவறாதீர்கள். இங்கே ஊரோடு சேர்வது அங்கேதான் ஆரம்பிக்கும்.

காட்டுமாடு தேயிலைக்குள் சர்வசாதாரணமாக நிற்கும். வழியை விட்டு ஒதுங்கி, அது போகும்வரை நில்லுங்கள். எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும். கோயில் விளக்கிலிருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போன கரடியின் கதை கோத்தகிரியில் எல்லோரிடமும் உண்டு. சாப்பாட்டுக் குப்பையை வாசலில் வைக்காதீர்கள். ராத்திரி நாயை வெளியே கட்டினால் சிறுத்தைக்கு அழைப்புதான்.

7. முதலில் வாடகை, வாங்குவது பிறகு

பதினொரு மாத ஒப்பந்தம் போட்டு, இரண்டு மழையையும் ஒரு பனியையும் பார்த்துவிட்டு வாங்குவதை யோசியுங்கள். வில்லங்கச் சான்று, பட்டா, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி, ஹாகா என்று சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி தேவைப்படும் கிராமமா என்பது, எல்லாவற்றையும் உள்ளூர் வக்கீலிடம் காட்டுங்கள். கூடலூர் பக்கம் விலை மலிவாகச் சொன்னால், அது 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் சிக்கி, பட்டா இல்லாமல் கிடக்கும் நிலமா என்றுதான் முதல் கேள்வி. சொந்த நிலமே ஆனாலும் மரம் வெட்ட அனுமதி வேண்டும். இதற்கு 1955இலிருந்தே சட்டம் இருக்கிறது.

8. சாமான் ஏற்றும் நாள்

சீசன் மாதங்களைத் தவிருங்கள். அப்போது குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கு என்று ஒருவழி ஆக்கிவிடுவார்கள். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் போடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து இது உண்டு. சின்னத் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பைகளைச் சோதனைச்சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். பெரிய லாரி வேண்டாம், உங்கள் தெரு முனையில் திரும்பாது. இரண்டு சின்ன வண்டியாகப் பிடித்து, விடியற்காலை கிளம்பி, மதிய மூடுபனி இறங்கும் முன் சாமானை இறக்கிவிடுங்கள். மெத்தையைத் தார்ப்பாய்க்கு நடுவில் கட்டச் சொல்லுங்கள். நனைந்துவிட்டால் காய வைக்க இங்கே வெயில் கிடைக்காது.